கயிறு வருகிறது, எஞ்சின் சுற்றவில்லை: நைட்ரோ பக்கி ஸ்டார்ட்டரோடு மூன்று வாரம்

அக்கா பையன் ஒரு பழைய நைட்ரோ பக்கி, அதாவது நைட்ரோ எரிபொருளில் ஓடுகிற ரிமோட் கார், வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. 1/8 அளவு, .21 எஞ்சின், அதாவது சுமார் 3.5 சிசி, பின்னால் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற வகை. முதல் மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு கோயம்புத்தூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "மாமா, ஸ்டார்ட்டர் போயிருச்சு. புதுசு வாங்கிப் போட்டுடலாமா?" என்றான்.

போயிருச்சு என்றால் என்ன என்று கேட்டேன். கயிறு வரவே மாட்டேன் என்கிறது, கல்லைக் கட்டி இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நைட்ரோ வண்டி வைத்திருப்பவர்கள் "ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை" என்று சொல்வது மூன்று வேறு வேறு நோய்களுக்கு. கயிறே இழுபடாமல் இறுகி நிற்பது ஒன்று. கயிறு சுலபமாக வந்துவிடும், ஆனால் ஃப்ளைவீல், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற சக்கரம், அசையாது, அது இன்னொன்று. ஃப்ளைவீல் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பற்றவில்லை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எங்களுக்கு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் இறுகிய கயிறு. இழுத்துப் பார்த்தேன், ஒரு விரற்கடை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இன்னும் பலமாக இழுக்கத்தான் கை போகும், இழுக்கக்கூடாது. வண்டியைக் கவிழ்த்து சேசிஸின் அடியில் உள்ள துவாரம் வழியாக ஃப்ளைவீலைக் கட்டைவிரலால் பின்பக்கமாகத் திருப்பினேன், கொஞ்சம் திரும்பியது. முன்பக்கமாகத் திருப்பினால் ஒரே இடத்தில் போய் முட்டி நின்றது. அப்படியானால் பேரிங் இறுகவில்லை, உள்ளே எதுவும் உடைந்து சிக்கவும் இல்லை. பிஸ்டன் டாப்புக்கு, அதாவது மேல் எல்லைக்கு, வரும்போதுதான் தடை.

டாப்பில் கொஞ்சம் இறுக்கம் இருப்பது இந்த எஞ்சின்களுக்கு இயல்பு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிஸ்டன் அலுமினியக் கலவை, அது ஓடுகிற ஸ்லீவ் பித்தளை, உள்ளே குரோம் பூச்சு. அந்த ஸ்லீவ் மேலே போகப் போக நூலளவு குறுகலாகக் கடைந்திருக்கும். எஞ்சின் சூடாகும்போது ஸ்லீவின் மேல்பகுதி விரிந்து, ஓடுகிற சூட்டில் சரியான அளவுக்கு வரும். பிஸ்டனில் ரிங் கிடையாது, கம்ப்ரஷன் நிற்பதே இந்தப் பிடிப்பால்தான். அதனால் குளிர்ந்த எஞ்சின், அதிலும் புதுசு, டாப்பில் கிறீச்சென்று பிடித்து நிற்கும். எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது என்று பயந்து சிலர் பிரித்தே போட்டுவிடுகிறார்கள். ஹேர் டிரையரைத் தலைப்பக்கம் பிடித்து, கை வைத்தால் சுடுகிற அளவுக்குச் சூடாக்கிவிட்டு இழுத்தால் போதும்.

ஆனால் இவன் எஞ்சின் ஒரு மாதம் ஓடியது, அவ்வளவு பிடிப்பு இருக்காது. "எத்தனை தடவை பிரைம் பண்ணினே மாப்ளே?" என்று கேட்டேன். "ஸ்டார்ட் ஆகலைன்னு ஒவ்வொரு தடவையும் பண்ணினேன்" என்றான். அப்போதே புரிந்துவிட்டது. சைலன்சர் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தால் அந்த அழுத்தம் டேங்குக்குப் போய் எரிபொருளை கார்ப்பரேட்டர் பக்கம் தள்ளும். டியூபில் எரிபொருள் நகர்ந்து கார்ப்பரேட்டரைத் தொடுவது கண்ணுக்குத் தெரியும். தொட்டவுடன் விரலை எடுத்துவிட வேண்டும். இவன் ஏழெட்டுத் தடவை அடைத்து இழுத்திருக்கிறான், வந்ததெல்லாம் எஞ்சினுக்குள் நிறைந்துவிட்டது. காற்றை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. பிஸ்டன் டாப்புக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடத்தில் சில துளிகள்தான் கொள்ளும், அதற்கு மேல் இருந்தால் பிஸ்டன் அங்கேயே நின்றுவிடும். அந்த நேரத்தில் பலமாக இழுத்தால் கயிறு அறும், இல்லையென்றால் ஸ்டார்ட்டர் பேரிங் போகும், மோசமான நாளில் கனெக்டிங் ராடு வளையும்.

8 மி.மீ. ஸ்பேனரால், எரிபொருளைப் பற்றவைக்கிற குளோ பிளக்கைக் கழற்றினோம். கழற்றும்போது பிளக்கோடு அடியில் இருக்கிற செம்பு வாஷரும் வந்ததா, இல்லை தலையிலேயே ஒட்டிக்கொண்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், புல்லில் விழுந்தால் கிடைக்காது. வண்டியைக் கவிழ்த்து, பிளக் ஓட்டையை ஒரு பழைய துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு கயிற்றை மெதுவாக இழுக்கச் சொன்னேன். இரண்டாவது இழுப்பில் துணி நனைந்தே போனது. இந்த வேலை செய்யும்போது இக்னைட்டர், அதாவது பிளக்கைச் சூடாக்குகிற பேட்டரிக் கருவி, பக்கத்தில் இருக்கக்கூடாது, முகத்தை ஓட்டைக்கு நேராக வைக்கக்கூடாது. நைட்ரோ எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால், அது எரிகிற தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைக் குடித்ததும் இதே மெத்தனால்தான். கையில் பட்டால் உடனே கழுவச் சொல்லி அவனிடம் கண்டிப்பாகவே சொன்னேன், கையுறை போடவும் பழக்கியிருக்கிறேன்.

சரி, எரிபொருள் வெளியேறியது, பிளக்கைத் திரும்பப் போட்டு இழுத்தால் கயிறு ஸ்ர்ர்ரென்று வந்தது. ஒரு தடையும் இல்லை. பையன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் பிளக் போட்ட எஞ்சினில் கயிறு இவ்வளவு லேசாக வரவே கூடாது. கம்ப்ரஷன் கையில் தட்டுப்பட வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மிடுக்கு தெரிய வேண்டும். ஃப்ளைவீலில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்து மறுபடியும் இழுக்கச் சொன்னேன். பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது நோய் இது.

இந்த வகை ஸ்டார்ட்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்றால், கயிறு ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தில் சுற்றியிருக்கிறது, கயிற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ள ஒரு பட்டைச் சுருள்வில் உண்டு. சக்கரத்தின் நடுவில் ஒரு ஒன்வே பேரிங், அதற்குள் 6 மி.மீ. ஷாஃப்ட். ஷாஃப்ட்டின் மறுமுனை கிராங்க்-பின் என்கிற முளையில் கோத்திருக்கும். கயிற்றை இழுக்கும்போது பேரிங்கில் உள்ள ஊசி உருளைகள் ஷாஃப்ட்டைக் கவ்விச் சுற்றுகின்றன. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும், உருளைகள் பிடியை விட்டுவிடும். சைக்கிள் பின்சக்கர ஃப்ரீவீல் செய்கிற அதே வேலை. கவ்வ வேண்டிய நேரத்தில் கவ்வவில்லை என்றால் இப்படித்தான் கயிறு சும்மா வரும்.

பின்பக்க நான்கு ஸ்க்ரூவையும் ஆலன் கீயால் எடுத்து ஸ்டார்ட்டரைப் பிரித்தோம். தரையில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொண்டேன், சின்ன சாமான்கள் உருண்டால் தெரிய வேண்டும். மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மெதுவாகத் தூக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கிற வில் அவிழ்ந்து சீறி வரும், கை கிழியும்.

பேரிங் உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி எண்ணெய் அப்பியிருந்தது. எரிபொருளிலேயே எண்ணெய் கலந்திருப்பதால் அது ஷாஃப்ட் வழியாகக் கசிந்து இங்கே வந்து, நாள்பட்டு கெட்டியாகிவிடும். கெட்டியான எண்ணெயில் உருளைகள் மிதக்கும், எதையும் கவ்வாது. கார்ப் கிளீனர் அடித்து, பல்குத்தும் குச்சியால் உருளைகளை ஒவ்வொன்றாக உருட்டிக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். கிரீஸ் வைக்கவே வைக்காதீர்கள். பேரிங் என்றாலே கிரீஸ் என்று கை போகும், ஒன்வே பேரிங்குக்கு அடர்த்தியான கிரீஸ் விஷம், சறுக்கத்தான் செய்யும்.

மாட்டி இழுத்தோம். கவ்வியது. ஆறேழு இழுப்புக்கு நன்றாக இருந்தது, அப்புறம் மறுபடி ஸ்ர்ர்ர்.

மறுபடி பிரித்து, இந்தத் தடவை பேரிங்கை விட்டுவிட்டு ஷாஃப்ட்டைக் கையில் எடுத்தேன். வெயிலில் சாய்த்துப் பிடித்துத் திருப்பினால், உருளைகள் உட்காருகிற அந்த ஒரு சென்டிமீட்டர் பகுதி மட்டும் பளபளப்பு குறைந்து மங்கலாக இருந்தது. நகத்தை நீளவாட்டில் ஓட்டினேன், பளபளப்பும் மங்கலும் சேர்கிற இடத்தில் நகம் லேசாகத் தட்டியது. குறுக்குவாட்டில் உருட்டினால் மெல்லிய கோடுகள், ஒவ்வொரு உருளையும் அழுந்திய தடம். எரிபொருள் நிறைந்து இறுகி நின்ற எஞ்சினைப் பிடித்து இழுத்த இழுப்பெல்லாம் அந்தக் கோடுகளாகப் பதிந்திருந்தன. பையனிடம் கொடுத்து நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை, இரண்டு மூன்று தடவை தடவிப் பார்த்தான்.

திங்கட்கிழமை எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மாஸ்டர் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார், தேயாத இடத்தில் 5.99, தேய்ந்த இடத்தில் 5.96. "மேல லேசா கிரைண்ட் பண்ணிச் சமமாக்கிடலாமுங்களா?" என்று கேட்டேன். "அளவு இன்னும் குறையுமுங்க, அப்புறம் சுத்தமாப் பிடிக்காது. மேலே இருக்கிற ஹார்டுனெஸும் போயிரும். புதுசே போட்டுக்கங்க" என்றார். நியாயமான பேச்சு. நூறில் ஒரு மி.மீ. கணக்கில் கவ்விப் பிடிக்கிற சாமானை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிக்கட்டுவதெல்லாம் இரண்டு நாள் வேலைக்குத்தான் ஆகும். ஷாஃப்ட்டை ஆர்டர் போட்டோம், வந்துசேர ஒன்பது நாள் ஆனது.

ஷாஃப்ட்டை மாற்றும்போது பேரிங்கையும் மாற்றிவிடுவது நல்லது, தேய்ந்த உருளை புது ஷாஃப்ட்டையும் தின்னும். பேரிங்குக்காக ரிமோட் கார் சாமான் விற்கிற ஆர்சி கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழையதைக் கழற்றி அளந்தோம்: உள்விட்டம் 6, வெளிவிட்டம் 10, அகலம் 12 மி.மீ. பேரிங் கடையில் எச்.எஃப்.0612 என்று கேட்டால் தருகிறார்கள். வாங்குவதற்கு முன் உங்கள் எஞ்சினில் இருப்பதை அளந்துகொள்ளுங்கள், எல்லா எஞ்சினும் ஒரே அளவு இல்லை. மாட்டும்போது திசைதான் முக்கியம். ஓரத்தில் அம்புக்குறி பொறித்திருக்கும், பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே இதுவும் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் இழுக்கும்போது கவ்வாது, பின்னால் திரும்பும்போதுதான் கவ்வும். சுத்தியலால் தட்டி இறக்காமல் வைஸில் வைத்து, ஒரு சாக்கெட் துண்டைத் துணைக்குப் பிடித்து நேராக அழுத்தி இறக்கினேன்.

திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது பின்மூடியின் ஓ-ரிங். அது நசுங்கியோ கிள்ளியோ போனால் கிராங்க்கேஸில் காற்று கசியும், அப்புறம் ஐடில் நிற்காது, ஸ்டார்ட் ஆகவும் படுத்தும், நாம் கார்ப்பரேட்டரைத் திருகிக்கொண்டே இருப்போம். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். பொட்டு வைத்த ஃப்ளைவீல் ஒவ்வொரு இழுப்புக்கும் டக் டக்கென்று சுற்றியது, கையில் கம்ப்ரஷன் தெரிந்தது.

ஆனால் எஞ்சின் பற்றவில்லை.

பத்து இழுப்பு, ஒரு முனகல்கூட இல்லை. பையன் பழக்கதோஷத்தில் சைலன்சரை அடைக்க விரலைக் கொண்டுபோனான், கையைப் பிடித்து நிறுத்தினேன். எதனால் அன்றைக்கு அத்தனை தடவை பிரைம் செய்ய வேண்டி வந்தது என்ற கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லையே. ஸ்டார்ட்டர் உடைந்ததால் எஞ்சின் நிற்கவில்லை, எஞ்சின் பற்றாமல் இருந்ததால்தான் ஸ்டார்ட்டர் உடைந்தது. பற்றாமல் போனதற்கு முதல் காரணம் இன்னும் வண்டியில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.

பிளக்கைக் கழற்றி இக்னைட்டரின் வாயில் செருகி, வாசலிலிருந்து வீட்டு நிழலுக்குக் கொண்டுவந்து பார்த்தோம். நல்ல பிளக்கும் நல்ல இக்னைட்டரும் சேர்ந்தால் கம்பிச்சுருள் முழுக்கப் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். இங்கே நடுவில் இரண்டு சுற்று மட்டும் மங்கலான சிவப்பு, அணைகிற ஊதுபத்தி மாதிரி. பெட்டியில் இருந்த புது பிளக்கை மாட்டினாலும் அதே மங்கல். அப்போது தப்பு பிளக்கில் இல்லை.

இக்னைட்டருக்குள் இருப்பது ஒற்றை 1.2 வோல்ட் செல். மல்டிமீட்டரில் 1.26 காட்டியது, பையன் நல்லாத்தானே இருக்கிறது என்றான். பிளக்கை மாட்டியபடியே அளக்கச் சொன்னேன், 0.8க்கு இறங்கிவிட்டது. சுமை இல்லாமல் அளந்த வோல்ட்டை வைத்து பேட்டரியை நம்பவே கூடாது, குளோ பிளக் 3 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அந்த இழுப்பில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. செல் வயதாகியிருந்தது, போதாததற்கு இக்னைட்டரின் உள் கம்பி எண்ணெய் படிந்து கறுத்திருந்தது. கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போட்டோம். இரண்டு செல்லைச் சேர்த்து 2.4 வோல்ட் கொடுத்தால் இன்னும் நன்றாக எரியுமே என்று அவன் கேட்டான். கொடுத்தால் ஒரு நொடி வெள்ளையாக எரியும், அப்புறம் கம்பி அறுந்துவிடும்.

அந்தக் கம்பி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த எஞ்சினில் ஸ்பார்க் என்று ஒன்று கிடையவே கிடையாது. பிளக்கின் கம்பி பிளாட்டினம் கலந்தது. மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது வினை நடந்து வெப்பம் வரும், கூடவே கம்ப்ரஷனின் சூடும், முந்தைய எரிப்பின் சூடும் சேர்ந்து கம்பியைச் சிவக்கவே வைத்திருக்கும். இக்னைட்டர் தேவைப்படுவது அந்த முதல் சூட்டுக்கு மட்டும்தான், எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் கழற்றிவிடலாம். அந்த முதல் சூடு பாதியாக இருந்தால் எத்தனை தடவை பிரைம் செய்தாலும், எவ்வளவு பலமாக இழுத்தாலும் பற்றாது, ஊற்றுகிற எரிபொருளெல்லாம் கம்பியைக் குளிர வைக்கத்தான் உதவும்.

மூன்றாவது ஞாயிறு. கார்ப்பரேட்டரில் எரிபொருள் அளவைத் திருகி வைக்கிற நீடில்களைக் கையேட்டில் சொன்ன சுற்றுக்கே திருப்பி வைத்தோம், ஐடில் இடைவெளி ஒரு மி.மீ.க்குள், டியூபில் குமிழி இல்லை, சைலன்சரிலிருந்து டேங்குக்குப் போகிற குழாய் கழன்றிருக்கவில்லை. பிரைம் செய்ய மூன்று இழுப்பு, எரிபொருள் கார்ப்பரேட்டரைத் தொட்டதும் விரல் எடுத்தாயிற்று. இக்னைட்டரை மாட்டிவிட்டு இழுக்கச் சொன்னேன், ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்கு மேல் இழுக்காதே, சுருக்கென்று இழு, கடைசிவரை இழுத்து முட்டவிட்டால் வில் அறுந்துவிடும் என்று சொல்லி. நான்காவது இழுப்பில் ஒரு பட். ஐந்தாவதில் பற்றிக்கொண்டு, நீலப்புகையோடு ஒரு அலறல் அலறியது பாருங்கள், தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. பையன் "மாமா! மாமா!" என்று கத்தியது எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில் கயிற்றையே தூக்கிப்போட்டுவிட்டு எலக்ட்ரிக் ஸ்டார்ட்டருக்கு மாறிவிடலாமா என்றும் பேசினோம். ஸ்டார்ட்டர் பாக்ஸ் நல்ல சாமான்தான், வண்டியை மேலே வைத்து அழுத்தினால் ரப்பர் சக்கரம் அடியிலிருந்து ஃப்ளைவீலைத் தொட்டுச் சுற்றும், வீட்டு யூ.பி.எஸ்.களில் வருகிற 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி ஒன்று இருந்தால் நாள் முழுக்க ஓட்டலாம். அதிலும் சறுக்கல் உண்டு, ஃப்ளைவீலும் ரப்பரும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் ரப்பர் பள்ளம் விழுந்து புகையும். பேட்டரி சார்ஜ் குறைந்திருந்தால் டாப்பில் வந்து நின்றுகொள்ளும், அப்போது அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் மோட்டார் கருகும். துப்பாக்கி மாதிரி கையில் பிடித்து பின்னால் கம்பியைச் செருகுகிற ஷாஃப்ட் ஸ்டார்ட்டரிலும் உள்ளே இருப்பது இதே ஒன்வே பேரிங்தான். எனக்கு இருக்கிற ஒரே தயக்கம் என்னவென்றால், எரிபொருள் நிறைந்த எஞ்சினைக் கயிறு உடனே கைக்குச் சொல்லிவிடும், மோட்டாருக்கு அது தெரியாது, முறுக்கித் தள்ளிவிடும். கையில் அந்த உணர்வு பழகட்டும், அடுத்த வருடம் பாக்ஸ் வாங்கலாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு இரண்டு டேங்க் ஓட்டினோம். முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் எரிகிற வரை ஓடவிட்டு, பிளக் ஓட்டையில், ஓட்டி முடித்ததும் விடுகிற ஆஃப்டர்-ரன் ஆயில் நாலு சொட்டு விட்டு, வெள்ளைப் பொட்டைப் பார்த்து பிஸ்டனைக் கீழ்ப்பக்கம் இறக்கி வைத்தான். டாப்பில் விட்டு வைத்தால் குளிரும்போது ஸ்லீவ் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். டேங்கில் எரிபொருளோடு வண்டியைச் சாய்த்து வைத்தால் இரவெல்லாம் எஞ்சினுக்குள் வடிந்து மறுநாள் காலையில் பழைய கதைதான். இக்னைட்டர் மேல் ஒரு டேப்பை ஒட்டி சார்ஜ் போட்ட தேதியை எழுதியிருக்கிறான்.

கயிற்றின் கைப்பிடி முடிச்சுக்குப் பக்கத்தில் நூல் பிரிய ஆரம்பித்திருக்கிறது, அன்றைக்கு இழுத்த இழுப்பில் வந்ததாக இருக்கும். அடுத்த ஞாயிறு அதை மாற்ற வேண்டும், வெள்ளைத் துண்டைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.